குப்பைமேட்டுச் சாட்சி

ஜப்பானில், கியோட்டோ நகரத்து டைட்டோகுஜி கோயில் வளாகத்துக்குள் கோஹோ-ஆன் என்று ஒரு சின்ன மடம். அங்கே ஒரு கிண்ணம் இருக்கிறது. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். உடம்பெல்லாம் மயிரிழை விரிசல். அடிப்பாகத்தில் மேல்பூச்சு சரியாகப் பிடிக்காமல், பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது. நம் வீட்டில் இருந்தால் பூனைக்குப் பால் வைப்போம். அங்கே அது தேசியப் பொக்கிஷம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

கிண்ணத்தின் பெயர் கிசயெமோன் இடோ. கிசயெமோன் என்பவர் ஒசாகா வியாபாரி. சொத்தெல்லாம் கரைந்து நடுத்தெருவுக்கு வந்த பிறகும் அந்தத் தேநீர்க் கிண்ணத்தை மட்டும் விற்க மறுத்தார், உடம்பெல்லாம் சிரங்கோடு செத்துப்போனார் என்று கதை. பிறகு அதை மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு 550 ரியோ கொடுத்து வாங்கினார். அவருக்கும் கட்டி. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 'இந்தச் சனியனைத் தலைமுழுகுங்களேன்' என்று மனைவி கெஞ்சினார். பிரபு கேட்கவில்லை. மகனுக்கும் கட்டி வந்த பிறகுதான் கிண்ணம் மடத்துக்குப் போனது. கிண்ணத்துக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தத் தோல் டாக்டரும் சொல்ல மாட்டார். விடுங்கள்.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. ஜப்பானியர்கள் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிற இந்தக் கிண்ணம் ஜப்பானில் செய்ததே இல்லை. கொரியாவில், ஜோசொன் அரசர்கள் காலத்தில், யாரோ ஒரு குயவர் சக்கரத்தில் சுற்றி எடுத்தது.

1931-ல் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க யானாகி முனெயோஷி வந்தார். ஜப்பானில் நாட்டுப்புறக் கைவினையை ஒரு இயக்கமாகவே நடத்தியவர் (சோயெட்சு என்றும் சொல்வார்கள்). பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. இது ஏழையின் சோற்றுக் கிண்ணம். செய்தவனுக்குப் படிப்பு கிடையாது, அழகைப் பற்றிய யோசனை கிடையாது, தான் என்ன செய்கிறோம் என்ற தன்னுணர்வே கிடையாது. அதனால்தான் இத்தனை அழகு என்பது சாராம்சம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பழைய புத்தகக் கடையில் 'தி அன்னோன் கிராஃப்ட்ஸ்மேன்' என்ற தொகுப்பில் இதைப் படித்தேன். யானாகியின் நண்பர், பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் குயவர், 1972-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த புத்தகம். சொக்கிப்போய்விட்டேன். இரண்டு மேடைகளில் இந்தக் 'கள்ளமில்லாத குயவனை'ப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியதும் உண்டு. அதற்கான பிராயச்சித்தம் என்று இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள்.

யானாகி மோசமான ஆள் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். 1910-ல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. 1919 மார்ச்சில் கொரியர்கள் சுதந்திரம் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது ஜப்பானிய அரசாங்கம் அடித்து நொறுக்கியது. அப்போது கொரியர்கள் பக்கம் நின்று ஜப்பானியப் பத்திரிகையில் எழுதியவர் இவர். சியோலின் அரண்மனை வாசல் குவாங்ஹ்வாமுன்னை இடிக்கத் திட்டம் போட்டபோது, 1922-ல், அதை எதிர்த்து எழுதினார். 1924-ல் அந்த அரண்மனை வளாகத்துக்குள்ளேயே கொரியக் கைவினைக்கு ஒரு அருங்காட்சியகமும் ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஜப்பானியர் ஒருவர் இவ்வளவு செய்தது பெரிய விஷயம்.

ஆனால் அன்பு இருந்தால் பார்வையும் சரியாக இருக்கும் என்று கட்டாயமா என்ன? சீனக் கலைக்கு வடிவம், ஜப்பானுக்கு நிறம், கொரியாவுக்குக் கோடு என்று பிரித்தார் யானாகி. ஜாடிகளில் நீண்டு வளைகிற அந்தக் கோடு துயரத்தின் கோடு. வெள்ளை நிறம் துக்க உடுப்பின் நிறம். ஓயாமல் படையெடுப்பில் அடிபட்ட இனம், அந்த அழுகை பாண்டத்தில் இறங்கிவிட்டது. இதுதான் அவருடைய 'துயர அழகு'க் கொள்கை. கேட்க உருக்கமாக இருக்கிறது. பிற்காலத்தில் கொரியர்களுக்கு எரிச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? உங்களை அடிமையாக்கிய நாட்டிலிருந்து ஒருவர் வந்து, 'அழும்போது நீங்கள் எவ்வளவு அழகு!' என்றால் எப்படி இருக்கும்?

கொரியர்களே அதற்குப் பக்கத்தில் போனதும் உண்டு. அந்த நாட்டின் முதல் கலை வரலாற்று ஆசிரியர் என்று போற்றப்படும் கோ யூ-சொப், தங்கள் கலையில் நுட்பம் என்று தெரியாத ஒரு நுட்பமும், திட்டம் என்று தெரியாத ஒரு திட்டமும் இருப்பதாகச் சொன்னார். அது யானாகியைவிட ஆழமான பேச்சு. ஆனால் பின்னால் வந்தவர்கள் 'திட்டம்' என்ற பாதியை விட்டுவிட்டு 'தெரியாத' என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். விமர்சனத்தில் இது வழக்கமாக நடக்கும் விபத்து.

இவர்கள் யாரும் கேட்காத சாட்சி ஒன்று மலையடிவாரங்களில் கிடந்தது. சூளையோரக் குப்பைமேடு.

யானாகிக்கு கொரியப் பாண்டத்தை அறிமுகம் செய்தவரே அந்தக் குப்பைமேட்டு ஆசாமிதான். அசகாவா நோரிதகா. சியோலில் ஆரம்பப் பள்ளி வாத்தியார், சிற்ப ஆசை உள்ளவர். 1914-ல் யானாகியின் வீட்டுக்குப் போனார், அங்கே இருந்த ரோதானின் சிற்பங்களைப் பார்ப்பதற்காக. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு ஜோசொன் ஜாடியை எடுத்துப் போனார். பட்டை பட்டையாகச் சீவிய வெள்ளை ஜாடி, நீலத்தில் புல் பூண்டு வரைந்தது. ரோதானைப் பார்க்க வந்தவர் கொண்டுவந்த ஜாடியில் யானாகி விழுந்தார். இன்றைக்கும் அது டோக்கியோவில் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நோரிதகா அதோடு நிற்கவில்லை. கொரியா முழுக்க நடந்தே சுற்றி, சுமார் 700 சூளை இடங்களைத் தேடிப் போனார். குனிந்து ஓடு பொறுக்கினார். தம்பி தகுமி வனத்துறையில் வேலை, மரக்கன்று வளர்ப்பவர். கொரிய மொழி பேசி, கொரிய உடை உடுத்தி வாழ்ந்தவர். ஒவ்வொரு பாண்டத்தையும் காட்டி, இதற்கு என்ன பெயர், இதில் என்ன வைப்பீர்கள் என்று ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பெயர்களின் தொகுப்பு 1931-ல் புத்தகமாக வந்தது. அதே வருஷம் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். கொரிய மண்ணிலேயே, சியோல் மாங்குரி இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. யானாகி பெட்டியைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்ததும் அதே 1931. ஒருவர் கிண்ணத்தைப் பார்த்து அதன் மனசைச் சொன்னார். இன்னொருவர் அதன் பெயரைக் கேட்டார்.

குப்பைமேட்டில் அப்படி என்ன இருக்கும்?

கொரியச் சூளை என்பது மலைச் சரிவில் பாம்பு படுத்த மாதிரி மேலேறும் ஒரு நீளச் சுரங்கம். கீழே அடுப்பு வாய், மேலே புகைபோக்கி. தீ தானாக மேல்நோக்கி ஓடும். பச்சைப் பாண்டம் என்று நாம் மியூசியத்தில் பார்க்கும் கொர்யோ காலத்துச் சரக்குக்குச் சுமார் 1200 டிகிரி சூடு வேண்டும். சூடு மட்டும் போதாது. சமயம் பார்த்துக் காற்றை அடைக்க வேண்டும். காற்று கிடைக்காத தீ பசியில் பூச்சில் உள்ள இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். அப்போதுதான் அந்தப் பச்சை வரும். அடைப்பில் ஓட்டை விழுந்து காற்று நுழைந்தால் பச்சை பழுப்பாகிவிடும். அதை ராஜாவுக்கு அனுப்ப முடியாது. பக்கத்திலேயே கொட்டினார்கள். வெடித்தது, கோணியது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது எல்லாம் அங்கே. தலைமுறை தலைமுறையாகக் கொட்டினார்கள்.

அரண்மனை எரிந்துவிடும். கல்லறையைத் திருடன் திறந்துவிடுவான். குப்பைமேடு அடுக்கு கலையாமல் இருக்கும்: பழையது கீழே, புதியது மேலே. சூளைத் தரையே ஒரு திசைகாட்டி. சூடேறி ஆறும்போது மண்ணிலுள்ள இரும்புத் துகள் அன்றைக்கு வடக்கு எங்கே இருந்ததோ அந்தப் பக்கம் பார்த்தபடி உறைந்துவிடும். காந்த வடக்கு காலத்துக்குக் காலம் நகர்கிறது. ஆகவே தரையை அளந்தால் கடைசியாக எப்போது தீ வைத்தார்கள் என்று ஓரளவு கணக்குப் போடலாம். எவ்வளவு உருகினாலும் எந்தக் கட்டுரையாளராலும் இந்தச் சாட்சியை மாற்ற முடியாது.

இந்தச் சாட்சி 'பெயரில்லாத கைவினைஞன்' என்ற பேச்சை உடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சியோலில் ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடி இருக்கிறது. அடியில் எழுத்து: 993-ஆம் வருஷம், அரச முன்னோர் கோயிலின் முதல் அறைக்காகச் செய்தது, செய்தவர் சொ கில்-ஹோ. எங்கே செய்தது? ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1989, 90-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் வட கொரியாவில் வொன்சான்-ரி என்ற ஊரில் சூளைகளைத் தோண்டினார்கள். அங்கே ஒரு பூஜைத் தட்டு கிடைத்தது. அதிலும் எழுத்து. வருஷம் 992. அதே கோயிலின் நான்காவது அறைக்காக. செய்தவர் வாங் கோங்-தாக். ஒரு வருஷ இடைவெளியில், ஒரே கோயிலுக்கு, இரண்டு பேர், இரண்டு கையெழுத்து. நாட்டைப் பிரித்த கம்பிவேலிக்கு ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. யானாகியின் குயவனுக்குப் பெயர் இல்லை. இவர்களுக்கு இருந்தது, எழுதியும் வைத்தார்கள்.

அடுத்து, 'யோசனை இல்லாமல் செய்தது' என்ற பேச்சு. ஆரம்ப காலத்தில், தலைநகரத்தை ஒட்டிய பகுதிகளில் சீன பாணிச் செங்கல் சூளை. சிஹங் அருகே பாங்சான்-தோங்கில் தோண்டியது கிட்டத்தட்ட 40 மீட்டர் நீளம். யோங்கின் பக்கம் சொ-ரி என்ற இடத்தில் கீழ் அடுக்கில் செங்கல் சூளை, அதன் மேலேயே மண் சூளை. தெற்கே கங்ஜின் பக்கம் போனால் மண் சூளைதான், நீளமும் பாதி. இதற்கு என்ன அர்த்தம்? யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வந்த தொழில்நுட்பத்தை அப்படியே வைத்துக்கொள்ளாமல், தங்கள் மண்ணுக்கும் தங்கள் விறகுக்கும் ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். குறுகிய சூளையில் சூட்டைக் கட்டுக்குள் வைப்பது சுலபம்.

உயர்ந்த ரகப் பச்சைப் பாண்டத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மூன்று குட்டி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பூச்சு தரையில் ஒட்டக் கூடாதே என்று மூன்று வெண்கல் துணுக்கின் மேல் நிறுத்திச் சுட்ட தடம். மலிவு ரகத்துக்கு இந்த உபசாரம் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுட வேண்டியதுதான். எது யாருக்குப் போகிறது என்று குயவருக்கு நன்றாகவே தெரியும் சார்.

கங்ஜினில் மட்டும் சுமார் 180-க்கும் மேல் சூளை இடங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் சாதாங்-ரி என்ற கிராமத்துக் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1157-ல் உய்ஜோங் என்ற ராஜா தன் மாளிகை மண்டபம் ஒன்றுக்குப் பச்சைப் பாண்டத்தாலேயே கூரை ஓடு போட்டான் என்று கொர்யோ வரலாற்று நூலில் ஒரு வரி. பீங்கானில் கூரையா, சும்மா ராஜவிசுவாசிகள் அளந்த கதை என்று நினைக்கத் தோன்றும். 1964-ல் சொ சுன்-உ தலைமையில் தேசிய அருங்காட்சியகத்துக்காரர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்தபோது, அதே பச்சை, அதே பூவேலை, சாட்சாத் கூரை ஓடு துண்டு துண்டாகக் கிடைத்தது. சூ ஜிங் என்ற சீனத் தூதர் 1123-ல் வந்து, இவர்கள் இந்தப் பச்சையை மீன்கொத்தி நிறம் என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போனார். அந்த நிறத்தைத்தான் மழையில் நனையும்படி கூரையில் போட்டான் ராஜா. அநியாய ஆடம்பரம். இதில் துயரக் கோட்டை எங்கே தேடுவது?

ஆனால் துயரம் இல்லவே இல்லையா என்றால், இருந்தது. யானாகி தேடிய இடத்தில் இல்லை.

ஜோசொன் அரசர்கள் காலத்தில் அரண்மனைக்கு வெள்ளைப் பீங்கான் செய்ய சியோலுக்குப் பக்கத்தில், கியொங்கி மாகாணத்து குவாங்ஜுவில், அரசுச் சூளைகள் இருந்தன. புன்வொன் என்று பெயர். (தெற்கே இதே பெயரில் ஒரு பெரிய நகரம் உண்டு. அது வேறு.) சட்டப் புத்தகத்தின்படி இங்கே 380 குயவர்கள். பிற்காலத்தில், அப்பன் குயவர் என்றால் பிள்ளை வேறு வேலைக்குப் போக முடியாது என்றே விதி. சூளை மரத்தைத் தின்னும். ஏறக்குறைய பத்து வருஷத்தில் சுற்றுவட்டாரம் மொட்டையாகிவிடும். அடுத்த மலைக்குப் போவார்கள். 1752-ல்தான் ஒரே இடத்தில் நிலைத்தார்கள். இப்படி இடம் மாறி மாறி விட்டுப்போன சூளைகள் குவாங்ஜு பகுதியில் முன்னூறுக்கும் மேல். தொல்பொருள்காரர்களுக்குக் கொண்டாட்டம். எந்த மலையில் எந்தக் காலம் என்று காலண்டர் கிழிக்கிற மாதிரி படிக்கலாம். தோமா-ரி சூளையில் 1505-ஐக் குறிக்கும் எழுத்து, பொன்சொன்-ரி ஐந்தாம் எண் சூளையில் 1554 என்று வருஷம் போட்ட கல்லறைப் பலகைத் துண்டு. கிண்ணங்களின் அடியில் 'வானம்', 'பூமி', 'இடது', 'வலது' என்று செதுக்கிய எழுத்துகள். அதெல்லாம் கவிதை இல்லை. அரசாங்கக் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு வரி. ராஜாவின் செயலகத்தார் நாள் தவறாமல் எழுதிவந்த குறிப்பேட்டில், 1697-ஆம் வருஷம், பஞ்ச காலத்தில், புன்வொன் சூளையில் 39 பேர் பட்டினியால் செத்துப்போனார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அரண்மனைச் சாப்பாட்டுத் தட்டு செய்கிறவர்கள். வயலுக்குப் போக முடியாது, வேறு தொழிலுக்கும் போக முடியாது. முப்பத்தொன்பது பேர். அதற்குப் பிறகுதான், அரசு வேலை போக மிச்ச நேரத்தில் தங்களுக்கென்று செய்து விற்றுக்கொள்ளலாம் என்று அவர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது.

இதுவும் துயரம்தான். ஆனால் ஜாடியின் வளைவில் இதைப் படிக்க முடியாது. அந்தப் பஞ்சத்தை ஒட்டி வந்த ஓட்டையும் நல்ல காலத்து ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கோடு அழுகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம். கை அசரவில்லை. தொழில் தெரிந்த கை. யானாகி அந்தக் கைக்கு மனசு கொடுத்தார், வயிறு கொடுக்கவில்லை. 'தன்னுணர்வு இல்லாத எளிய மனிதன்' என்று ஒருவனைப் புகழ்ந்துவிட்டால் அவனுக்குக் கூலி என்ன, விறகு யார் தந்தது, சாப்பிட்டானா என்று கேட்க வேண்டியதில்லை பாருங்கள். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு உறுத்துவது இதுதான். நான் மேடையில் பேசியபோதும் கேட்கவில்லை. கைதட்டியவர்களும் கேட்கவில்லை.

இன்றைக்கும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. உங்கள் வீட்டில் பி.டி.எஸ். பைத்தியம் பிடித்த பெண் இருந்தால் கேளுங்கள். அந்தக் குழுவின் ஆர்.எம். ஒரு பெரிய வெள்ளை ஜாடியைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டுவாள். நிலா ஜாடி. அது இந்தக் காலத்துக் குயவர் செய்தது. பழைய அசல், 18-ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் லீச் 1935-ல் சியோலில் ஒன்று வாங்கினார். அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். எல்லா விளக்கப் பலகைகளிலும் ஒரே பாட்டு: முழு வட்டமாக இல்லாத அந்தக் கோணல், இயற்கையோடு இயைந்த மனசு, வெறுமையின் தத்துவம்.

கோணலுக்குக் காரணம் ஜாடியின் இடுப்பில் இருக்கிறது. அவ்வளவு பெரிய உருண்டையை ஒரே மூச்சில் சக்கரத்தில் ஏற்ற முடியாது. மண் தாங்காது. ஆகவே இரண்டு பெரிய சட்டிகள் செய்து வாயோடு வாய் வைத்து ஒட்டினார்கள். சூளையில் வேகும்போது ஒட்டு இடம் கனம் தாங்காமல் கொஞ்சம் உட்காரும். குவாங்ஜுவில் கும்சா-ரி சூளைப் பக்கம் இந்த ஜாடிகளின் உடைசல் கிடைத்திருக்கிறது. சரியாக வந்ததற்குத் தத்துவம் எழுதுகிறோம். ரொம்பக் கோணிக்கொண்டு குப்பைக்குப் போனதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எந்தக் கோணல் போகலாம், எந்தக் கோணல் போகக் கூடாது என்று சூளை வாசலில் ஒருவர் நின்று தீர்மானித்தாரே, அவர்தான் அந்த ஜாடியின் முதல் விமர்சகர். நாமெல்லாம் அப்புறம்.

சரி, சிரங்குக் கிண்ணத்துக்கு வருவோம். 2001, 2002-ல் கொரியாவின் தென்கோடியில், ஜின்ஹே பக்கம் உங்சொன் பகுதியில், மலைச்சரிவில் தோண்டினார்கள். ஆறு சூளைகள். குப்பைமேட்டில் இடோ கிண்ணத்தின் பங்காளிகள் என்று சொல்லத்தக்க ஓடுகள். மூங்கில் கணு மாதிரி உயர்ந்த அடி, அங்கே பூச்சு திட்டுத் திட்டாகத் திரண்ட அதே தோற்றம். இங்கேதான் செய்தார்களா, வேறு சூளையிலா என்ற சண்டை நடக்கிறது. அது சோற்றுக் கிண்ணமே இல்லை, படையல் போடும் பூஜைக் கிண்ணம் என்று ஒரு கட்சியும் இருக்கிறது. யானாகி அவ்வளவு அடித்துச் சொன்ன 'ஏழையின் சோற்றுக் கிண்ணம்' இன்றைக்கு நிரூபிக்க வேண்டிய ஒரு வாதம், அவ்வளவுதான். இடோ என்ற பெயர்கூட ஜப்பானியர் வைத்தது. தகுமி ஒருவேளை உங்சொன்னில் யாரையாவது பிடித்து இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். அதற்குள் முந்நூறு வருஷம் கடந்துவிட்டது. 1592 படையெடுப்பில் அந்தக் கடற்கரைப் பக்கத்துக் குயவர்களையெல்லாம் ஜப்பானுக்குக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்பதற்கு ஆள் ஏது?

சூளைக்குப் பக்கத்திலேயே ஒரு காட்சிக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கியோட்டோவைப் போலப் பெட்டிக்குள் பெட்டியெல்லாம் கிடையாது. அந்த ஓடுகளைக் கழுவி, எண் போட்டு, ஒட்டவைத்த யாருக்கும் இதுவரை சிரங்கு வந்ததாகத் தகவல் இல்லை.